வேலாப்போடியாரின் கோட்டு

கோணாமலையும் மகள் மேனுகாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு வெள்ளைச் சட்டையின் இடது கையைப் பிரித்துத் தைத்தது.

மார்கழியின் கடைசித் திங்கட்கிழமை, பின்னேரம் மூன்று மணி. தேற்றாத்தீவில் மழை விட்டு இரண்டு நாளாகியும் வளவுக்குள் தண்ணீர் வடியவில்லை. கோணாமலைக்குச் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஒன்றரை வருடம். செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய் இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அதற்கு ஊசி ஏற்றும் இடது கை, உள்ளே முறுக்கிய கயிற்றை வைத்துத் தைத்ததுபோல் புடைத்துக் கிடந்தது. முழுக்கைச் சட்டை அதில் ஏறாது. ஏறினாலும் அந்தக் கையை இறுக்கக் கூடாது.

"அரைக்கைச் சட்டை நாலு கிடக்கு, அப்பா. அதில ஒண்டப் போடுங்க," என்றாள் மேனுகா.

"அரைக்கையோட போடியார் வீட்டுக்குப் போறதா? சந்தைக்கா போறம்?"

ஆகவே மணிக்கட்டிலிருந்து தோள்மூட்டு வரை தையலைப் பிரித்தார்கள். ஓரங்களை மடித்து ஆறு சோடி பிரஸ் பட்டன் வைப்பதென்று முடிவு. கோணாமலை பென்சிலால் புள்ளி வைத்தார். எட்டுச் சென்ரிமீற்றருக்கு ஒரு புள்ளி. மேனுகா அடிமட்டம் வைத்துப் பார்த்தாள். எங்கும் பிசகவில்லை. கண் மங்கி, விரல் வீங்கிய மனிதரின் கை அது. ஐந்து சோடி தைத்தபோது வெள்ளை நூல் முடிந்துபோனது.

"நாளைக்கு ஆஸ்பத்திரியால வரக்குள்ள வாங்குவம்," என்றார். "அடுத்த கிழமை வியாழன்தானே போடியார்ர திவசம். நாள் கிடக்கு."

நாள் கிடக்கவில்லை. செவ்வாய் காலை ஐந்தே முக்காலுக்கு, ஓட்டோ வரும்வரை கதிரையில் இருந்தவர், செருப்பைத் தேடிக் குனிந்தார். அப்படியே சரிந்தார். மேனுகா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இப்படியான நேரத்தில் என்ன செய்ய வேண்டுமென்று படித்தவள். சீமெந்துத் தரையில் அவரைக் கிடத்தி முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு, முப்பது அமுக்கு, இரண்டு மூச்சு என்று இருபத்திரண்டு நிமிடம் செய்தாள். நான்காவது நிமிடத்தில் இடப்பக்கம் ஐந்தாவது விலா எலும்பு உடைந்தது உள்ளங்கைக்குத் தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை. ஓட்டோக்காரர் வந்து தோளைப் பிடித்து இழுத்த பிறகுதான் நிறுத்தினாள்.

சட்டை கதிரையின் முதுகில் தொங்கியது. ஐந்து பட்டன் பூட்டியிருந்தது. ஆறாவது இடம் திறந்திருந்தது.

அந்தச் சட்டை எதற்கென்று சொல்வதானால் ஒரு கோட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

கோணாமலை எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பத்தொன்பது வயதில் களுவாஞ்சிகுடியில் ஒரு ஸ்டூடியோவில் சேர்ந்தார். முதலாளி படம் பிடிப்பார். கோணாமலை அதைப் பெரிதாக்கிக் கன்வஸ் துணியில் எண்ணெய் வர்ணத்தால் தீட்டுவார். ஸ்டூடியோவில் ஒரு கோட்டு இருந்தது. ஒன்றே ஒன்று. காத்தான்குடித் தையல்காரர் ஒருவர் தைத்தது. முதுகை நடுவில் பிளந்து நாடா வைத்திருந்தார்கள். மெலிந்த ஆளுக்கு இழுத்துக் கட்டலாம், தடித்த ஆளுக்குத் தளர்த்தி விடலாம். படத்துக்கு முன்பக்கம்தானே வேண்டும். வாவியில் இறால் பிடிக்கிறவரும், வயல் வட்டையில் வரம்பு கட்டுகிறவரும், அரசாங்கக் கச்சேரியில் பியோனாக இருந்தவரும் அந்தக் கோட்டுக்குள் போய் வந்தார்கள். உயிரோடு இருந்தபோது கோட்டையே தொடாதவர்களுக்கும் செத்த பிறகு கோணாமலை போட்டுவிட்டார். அடையாள அட்டையிலிருந்து முகத்தை எடுப்பார். கழுத்துக்குக் கீழே கோட்டு, கழுத்துப்பட்டி, பையில் ஒரு பேனை. பெண்களென்றால் பட்டுச் சாறி, அட்டியல், கைநிறையக் காப்பு.

"முகம் கடவுள் குடுத்தது. உடுப்பு நான் குடுக்கிறது," என்பார்.

உடுப்பு விடயத்தில் அவருடைய கண்ணுக்குத் தப்புவது அரிது. ஆண்களின் கொலர் எந்த வருடம் நீண்டது, எந்த வருடம் சுருங்கியது, சாறிக் கரை எப்போது அகன்றது, சட்டைக் கை எப்போது புடைத்தது எல்லாம் சாதகம்போல் சொல்வார். ஒருமுறை கரடியனாற்றிலிருந்து ஒரு பெண், செத்துப் பத்து வருடமான தாயின் படத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தாள்.

"அண்ணே, அம்மாட சாறிய மாத்தித் தாங்க. இந்தக் கரை இப்ப ஆரும் உடுக்கிறல்ல. வாற போற சனம் சிரிக்குது."

"அம்மாட்ட ஒரு சொல்லுக் கேட்டுட்டா வந்த நீ?" என்றார். மாற்றியும் கொடுத்தார்.

ஆனாலும் வாவியின் இரண்டு கரையிலும் அவர் பெயர் அடிபட்டது போடிமார் படங்களால்தான். நூறு ஏக்கர், இருநூறு ஏக்கர் என்று வயல் வைத்து, ஊரையும் கோயிலையும் நடத்திய குடும்பத்துப் பெரியவர்களைப் போடியார் என்பார்கள். அவர்களுக்குச் சும்மா கோட்டுப் போதாது. தலைப்பாகை வேண்டும், சரிகைச் சால்வை வேண்டும், பார்த்தவுடன் எழும்பி நிற்கத் தோன்ற வேண்டும். அது கோணாமலைக்குக் கைவந்தது.

தொண்ணூற்றைந்தில் பழுகாமத்திலிருந்து தங்கராசா என்பவர் வந்தார். கோயில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கர். தகப்பன் வேலாப்போடியாருக்கு ஆளுயரப் படம் வேண்டும் என்றார். போடியார் செத்தது ஐம்பத்தேழில். வீட்டில் இருந்த படங்களெல்லாம் தொண்ணூறாம் ஆண்டுக் கலவரத்தில் எரிந்துவிட்டன. ஒரு கண்ணாடி நெகட்டிவ் மட்டும் தகரப் பெட்டிக்குள் தப்பிக் கிடந்தது. அப்படியான கண்ணாடியில் ஒரு பக்கம் பளபளக்கும். மற்றது மருந்து பூசிய பக்கம், மங்கலாக இருக்கும். மருந்துப் பக்கம் கீழே வரும்படி வைத்துத்தான் பெரிதாக்க வேண்டும். மாறி வைத்தால் படத்தில் இடம் வலமாகும், வலம் இடமாகும். இந்தக் கண்ணாடியோ ஈரம் குடித்து இரண்டு பக்கமும் ஒரேமாதிரி மங்கியிருந்தது. கோணாமலை உத்தேசமாக ஒரு பக்கத்தைத் தேர்ந்து வைத்தார். அடுத்த வருடமே அந்தக் கண்ணாடி உடைந்தும் போயிற்று.

படத்தில் போடியார் கதிரையில் இருந்தார். தலைப்பாகை, வேட்டிக்கு மேலே கோட்டு, தோளில் சால்வை, மணிக்கூட்டுச் சங்கிலி, கையில் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பு. ஒரு கன்னத்தில் எருமைக் கொம்பு கீறிய தழும்பு. ஆண்களின் கோட்டில் இடப்பக்க மடிப்புத்தான் மேலே வரும். இதில் வலப்பக்கம் மேலே கிடந்தது. இருபது வருடமாகக் கோட்டுத் தீட்டிய மனிதருக்கு அது உடனே கண்ணில் பட்டது.

அந்த இடத்தில் அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது மரியாதை. வெள்ளைக்காரத் துரையோடு சரிசமமாக இருந்து கதைத்த மனிதர், போடிமாருக்கென்று தனியாக ஒரு கோட்டுக் கட்டு இருந்திருக்கிறது என்று நினைத்தார். நினைத்ததோடு நிற்கவில்லை. ஸ்டூடியோக் கோட்டைச் சுருட்டிக்கொண்டு காத்தான்குடிக்குப் போனார். கோட்டைத் தைத்தவர் அப்போது இல்லை. அவருடைய மகன் அசனார் அதே மெஷினில் இருந்தார். கோணாமலையின் கூட்டாளி.

"பொத்தானை மற்றப் பக்கம் மாத்தித் தா, மச்சான்."

"அது பொம்புளைகள்ற பக்கமெலுவா?"

"இது போடிமார்ர கட்டு. உனக்கென்ன தெரியும்?"

"எனக்கென்னத்துக்குத் தெரியணும்? எங்கட ஊட்டில படம் மாட்டுறல்ல. உங்கட ஊடு வழிய மாட்டிக் கிடக்கிற ஆக்கள் எல்லாரும் எங்கட வாப்பா தச்ச கோட்டோடதான் கிடக்காங்க. எனக்கு அது காணும்," என்று சொல்லிவிட்டு அசனார் மாற்றித் தைத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு வந்த பெரிய குடும்பங்களெல்லாம் "வேலாப்போடியார்ர கட்டு" என்று கேட்டு வாங்கினார்கள். ஊருக்குள் அது ஒரு மோஸ்தராகியது.

ஆளுயரப் படம் பழுகாமத்து வீட்டு மண்டபத்தில் ஏறியது. அந்த வீடு போடியாரின் மகள் இராசாத்திக்குச் சீதனமாக வந்த வீடு. தங்கராசா அவருடைய தம்பி. போடியாரின் திவசத்தன்று உறவும் ஊரும் சபையாகக் கூடியிருந்தது. ஐம்பத்திரண்டு வயது இராசாத்தி விளக்கோடு வந்தவர், படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"இது எங்கட அப்பா இல்ல," என்றார்.

தங்கராசா, "அக்கா, விளக்கக் கொழுத்துங்க," என்றார்.

"வண்டில்ல அப்பாட இடப்பக்கம் இருந்துதான் நான் வட்டைக்குப் போறது. தழும்பு என்ட பக்கம். இடக் கன்னத்தில. இதில மற்றக் கன்னத்தில கிடக்கு."

படம் வரைந்தவர் என்று கோணாமலையையும் அழைத்து முன்வரிசையில் இருத்தியிருந்தார்கள். புதுச் சால்வை போர்த்தியிருந்தார்கள். அவர் எழும்பி வந்தார்.

"அக்கா, இடப்பக்கம் எண்டுதானே சொல்லுறீங்க?"

"ஓம்."

"உங்கட இடக் கையைத் தூக்குங்க."

இராசாத்தி தூக்கினார்.

"தழும்பு கிடக்கிறதும் அந்தப் பக்கம்தானே?"

எதிரே நின்று பார்க்கிறவருக்குத் தழும்பு இடப்பக்கமாகத்தான் தெரிந்தது. அதாவது, போடியாரின் வலக் கன்னம். இராசாத்தி கையைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மற்றக் கையைத் தூக்கினார். இறக்கினார். சபை சிரித்தது. "இடம் வலம் தெரியாமத்தான் இவ்வளவு காலமும் சோறு திண்டிருக்கா," என்று யாரோ சொல்ல, இன்னும் சிரித்தது. கோணாமலையும் சிரித்தார்.

அன்றைக்கு இராசாத்தி அந்தப் படத்துக்கு விளக்கு வைக்கவில்லை. மூலையில் சாத்தியிருந்த தகப்பனின் பிரம்புக்கு முன்னால் வைத்தார். அடுத்த நாள் படத்தைப் பழைய சாறி ஒன்றால் மூடினார். வருடத்தில் ஒருநாள், திவசத்தன்று, தங்கராசா வந்து சாறியை விலக்குவார். சபை போனதும் இராசாத்தி மூடுவார். அதன் பிறகு கலியாணப் பேச்சோ, விதைப்புக் கூட்டமோ, கோயில் விடயமோ, எதில் அவர் வாயைத் திறந்தாலும், "இடம் வலம் தெரியாத மனுசி," என்று ஒருவர் சொல்வார். அவ்வளவுதான். பேச்சு அடுத்த ஆளுக்குப் போய்விடும். இருபத்தொன்பது வருடம் இப்படிப் போனது.

இது ஒன்றும் கோணாமலையை வருத்தவில்லை. தன் கையால் வந்த மிகச் சிறந்த படத்தை ஒரு புத்தி பிசகிய பெண் சாறி போட்டு மூடி வைத்திருக்கிறாள் என்பது மட்டும்தான் அவருக்குக் கவலை.

போன ஐப்பசியில் மேனுகா ஒரு வேலை தொடங்கினாள். அப்பாவுக்குக் காலம் கொஞ்சம்தான் என்று அவளுக்கு இரத்தப் பரிசோதனை இலக்கங்களில் தெரிந்தது. அம்மா போய்ப் பதினொரு வருடம், கூடப்பிறந்தவர்களும் இல்லை. லீவு கிடைத்த நாளெல்லாம் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், அப்பா வரைந்த படங்களைக் கைபேசியில் எடுத்து வந்தாள். அறுபத்து மூன்று படம். பின்னேரத்தில் ஒவ்வொன்றாகக் காட்டுவாள். அவர் உடுப்பைப் பார்த்தே வருடத்தைச் சொல்வார். பழுகாமத்துக்குக் கடைசியாகப் போனாள். தங்கராசா வந்து சாறியை விலக்கிக் கொடுத்தார்.

எக்ஸ்ரே எடுக்கிறவர்களுக்கு முதல் வருடத்திலேயே இரண்டு விடயம் சொல்லித் தருவார்கள். இடது, வலது என்று காட்டும் ஈய எழுத்தை வைக்காமல் படம் எடுக்கக் கூடாது. படத்தில் எது தெரிந்தாலும் நோயாளிக்கு வாய் திறக்கக் கூடாது, அது வைத்தியர் சொல்ல வேண்டியது. பதின்மூன்று வருட வேலையில் மேனுகா இரண்டையும் மீறியதில்லை. நெஞ்சுப் படத்தில் தேசிக்காய் அளவு கட்டியைக் கண்டுவிட்டும், "சரி ஐயா, சட்டையைப் போடுங்க," என்று சொன்னவள் அவள்.

அன்று பின்னேரம் அப்பாவுக்குப் பக்கத்தில் இருந்து, திரையில் கோட்டின் மடிப்பும் பையும் பக்கம் மாறிக் கிடந்ததைப் பார்த்தவள், பழக்கத்தில், "அப்பா, நெகட்டிவ் மறுபக்கமா வச்சிருக்கிறீங்க," என்றாள்.

"அது போடிமார்ர கட்டு, மகள். உனக்கு விளங்காது."

அங்கேயாவது விட்டிருக்கலாம். அவள் திரையில் ஒரு தட்டுத் தட்டினாள். படம் இடம் வலமாகத் திரும்பியது. கோட்டின் இடப்பக்க மடிப்பு மேலே வந்தது. பை இடது நெஞ்சில். சால்வை இடது தோளில். பிரம்பு வலது கையில். தழும்பு இடக் கன்னத்தில்.

கோணாமலை கைபேசியை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பிறகு, "அந்த மனுசி," என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அசனார் பார்க்க வந்தார். மேனுகாதான் கதையைச் சொல்லி அழைத்திருந்தாள். எதையாவது சொல்லிச் சிரிக்க வைப்பார் என்று நினைத்தாள்.

"நான் அண்டைக்கே சொன்னன் எலுவா, மச்சான்," என்றபடி அசனார் கட்டிலில் இருந்தார். "முப்பது வருசமா போடிமாருக்கெல்லாம் பொம்புளக் கோட்டப் போட்டு மாட்டி வச்சிருக்காய். மறுமையில அவங்க உன்னத் தேடித் திரியப் போறாங்க, பாரு."

கோணாமலை சிரிக்கவில்லை. "கோட்டுக் கிடக்கட்டும் அசனார். அந்த மனுசியைச் சபையில வச்சுக் கையைத் தூக்கச் சொன்னன். ரெண்டு கையையும் தூக்கினா. நான் சிரிச்சன்."

அசனார் அவருடைய காலை மெல்லப் பிடித்துவிட்டார். விரல் வைத்த இடமெல்லாம் குழி விழுந்தது.

"போன்ல சொல்லுங்க, அப்பா," என்றாள் மேனுகா. "இல்லாட்டி நான் போய்ச் சொல்லுறன்."

"சபையில சொன்னன். சபையிலதான் திருத்தணும்."

"நீங்க போற நிலமையில இல்ல."

"அப்ப ஏன் எனக்குக் காட்டின நீ?"

அவர் அதைக் கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

சபை கூடுவது வருடத்தில் ஒருநாள். தையில் வரும் திவசம். அதுவரை அவரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் அவளுடைய வேலையாகியது. ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிலீற்றர் தண்ணீர். மருந்து விழுங்குகிற தண்ணீரும் அதற்குள். போத்தலில் கோடு போட்டு வைத்தாள். வாழைப்பழத்தை வீட்டுக்குள் எடுக்கவில்லை. இளநியை நிறுத்தினாள். மரக்கறியை இரண்டு தரம் அவித்து இறுத்துக் கொடுத்தாள். கார்த்திகையில், அவரால் பொறுக்க முடியாமல், "இண்டைக்கே போவம், வீட்டில வச்சாவது முதல்ல ஒருக்காச் சொல்லுவம்," என்று அடம்பிடித்தபோது ஓட்டோ பிடித்துப் புறப்பட்டாள். பட்டிருப்புப் பாலத்தில் ஏறும்போது அவருக்கு மூச்சு முட்டியது. உதடு நீலமானது. இரண்டு பக்கமும் வெள்ளம் தெருவோடு நின்றது. பாலத்தின் நடுவிலேயே ஓட்டோவைத் திருப்பி ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஐந்து நாள் அங்கே வைத்திருந்தார்கள். நெஞ்சுப் படத்தை அவளே எடுத்தாள். நுரையீரல் இரண்டிலும் பாதிக்கு நீர். ஈய எழுத்தை வைத்தாள். வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஒரு சிறிய கன்வஸ் கேட்டார். போடியாரின் முகத்தை மட்டும் சரியான பக்கமாக வரையத் தொடங்கினார். சபையில் தூக்கிக் காட்டுவதற்கு. ஒரு நாளைக்கு அரைமணி நேரம்தான் கை நின்றது. கோட்டை அவர் தொடவேயில்லை. உடுப்புக்குப் பேர்போன மனிதர், கழுத்துக்குக் கீழே வெறும் துணியாக விட்டார். ஊசி ஏற்றிக் கிடக்கும் நாலு மணித்தியாலமும் சபையில் சொல்லப் போவதை வாய்க்குள் சொல்லிப் பார்ப்பார். முதலில் நீளமாக இருந்தது. கண்ணாடி, மருந்துப் பக்கம், ஈரம் என்று காரணமெல்லாம் வந்தது. ஒவ்வொரு கிழமையும் குறைந்து, கடைசியில் இரண்டே வசனம் மிஞ்சியது.

"அக்கா, உங்கட கை சரி. என்ட கண்தான் பிழை."

மார்கழியில் இலக்கங்கள் கொஞ்சம் நல்லாயிருந்தன. சட்டையை எடுத்தார்கள். மிச்சம் முதலிலேயே சொன்னதுதான்.

செத்த வீட்டுக்குத் தங்கராசா வந்திருந்தார். வேட்டி சால்வையோடு, எழுபத்தாறு வயதிலும் நிமிர்ந்த மனிதர். தலைமாட்டில் கோணாமலையின் படம் ஒன்றும் இல்லை. அறுபத்து மூன்று படத்தில் அவருடையது இல்லை. மேனுகா எழும்பி அவரிடம் போனாள்.

"ஐயா, உங்கட அப்பாட படம் பிழை. அப்பா வந்து சபையில சொல்ல இருந்தவர். நெகட்டிவ் மறுபக்கமா வச்சிட்டார். இராசாத்திப் பெரியம்மா சொன்னதுதான் சரி."

தங்கராசா அவளுடைய தலையில் கை வைத்தார். "கலங்கிப் போய் இருக்கிறீங்க, பிள்ள. இப்ப ஒண்டையும் யோசிக்காதீங்க."

"கலங்கல்ல, ஐயா. கோட்டப் பாருங்க. பொத்தான்..."

"வருத்தக்காரரோட கிடந்து கிடந்து உங்களுக்கும் ஏலாமப் போச்சு. கொஞ்சம் படுங்க." பக்கத்தில் நின்ற பெண்ணிடம், "புள்ளைக்குத் தேத்தண்ணி குடுங்கம்மா," என்றார்.

ஒன்பது நாள் கழித்து வியாழக்கிழமை வந்தது. செத்த வீட்டாருக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அதற்குள் இன்னொரு வீட்டுக் கிரியைக்குப் போகக் கூடாது, வாசல் மிதிக்கக் கூடாது. மேனுகாவுக்கு இது தெரியும். அப்பா வரைந்து முடிக்காத முகத்தை வெள்ளைச் சட்டையில் சுற்றி ஸ்கூட்டரின் முன்னால் வைத்துக்கொண்டு பழுகாமத்துக்குப் போனாள். வளவின் கடப்பு வாசலுக்கு வெளியே, தெருவில் நின்றாள். பட்டிருப்புப் பாலத்தைத் தாண்டியபோது நேரம் பத்து ஐந்து. அப்பா தாண்டாத பாதிப் பாலத்தையும் தாண்டி வந்திருந்தாள்.

வாசல் கதவு திறந்திருந்தது. சாறியை விலக்கியிருந்தார்கள். தெருவிலிருந்தே போடியார் தெரிந்தார். சபை கூடியிருந்தது. மூலையில் ஒரு வெள்ளைத் தலை, முதுகைக் காட்டிக்கொண்டு, பிரம்புக்கு முன்னால் குந்தியிருந்தது. எண்பத்தொரு வயது இராசாத்தி.

தங்கராசா கடப்படிக்கு வந்தார். "பிள்ள, துடக்கோட வந்து நிக்கிறீங்க."

"உள்ள வரல்ல, ஐயா. தெருவிலதான் நிக்கிறன். பெரியம்மாவக் கடப்பு மட்டும் கூட்டி வாங்க. ரெண்டு சொல்லுத்தான்."

"அக்காக்குக் காது கேக்கிறல்ல. விளக்கு வைக்கிற நேரம், எழுப்பப்படாது. நீங்க போயிற்று வாங்க."

அப்போது அவள் குரலை உயர்த்தினாள். வாழ்நாளில் அப்படி உயர்த்தியதில்லை. "சபையில இருக்கிற எல்லாரும் கேளுங்க. இந்தப் படம் பிழை. எங்கட அப்பா கோணாமலைதான் பிழை விட்டவர். பெரியம்மா சொன்னதுதான் சரி. தழும்பு இடக் கன்னத்தில."

இருபது முப்பது பேர் திரும்பினார்கள். அவள் சட்டையைப் பிரித்து முகத்தைத் தூக்கிக் காட்டினாள். அவர்கள் அதைப் பார்த்தார்கள், உள்ளே இருந்த படத்தைப் பார்த்தார்கள். இரண்டும் ஒரே முகம்தானே என்பதுபோல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"இதென்ன, கோட்டுமில்ல," என்றார் ஒருவர்.

"இங்க பாருங்க," என்றாள் மேனுகா. படத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இடது கையைத் தூக்கினாள். "இது என்ட இடக் கை. ஆனா உங்களுக்கு எதிர நிக்கிற ஆளுக்கு..." படத்தை மற்றக் கைக்கு மாற்றினாள். வலது கையைத் தூக்கினாள். நாளுக்கு நாற்பது பேருக்கு இடமும் வலமும் குறிக்கிறவளுக்கு, அந்த இடத்தில், அத்தனை முகத்துக்கு முன்னால், எந்தக் கையைத் தூக்குவதென்று தெரியவில்லை. இறக்கினாள்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் வித்தியாசம்.

"பாவம்," என்று ஒரு பெண் மற்றவளிடம் சொல்வது கேட்டது. "தகப்பன் போய் ஒம்பது நாள். தலைக்குள்ள அடிச்சிற்று." இன்னொருத்தி ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து, அவளைத் தொடாமல், கடப்புத் தூணில் வைத்துவிட்டுப் போனாள். உள்ளே மணி அடித்தது. பிரம்புக்கு முன்னால் விளக்கு எரிந்தது. வெள்ளைத் தலை திரும்பவில்லை.

மேனுகா முகத்தைச் சட்டையில் சுற்றினாள். தண்ணீரைக் குடிக்கவில்லை.

துடக்கு முடிய இன்னும் இருபத்தொரு நாள் இருக்கிறது. சபை திரும்பக் கூட ஒரு வருடம். இடது கையின் தோள்மூட்டடியில் அந்தச் சட்டைக்கு ஒரு பிரஸ் பட்டன் வைக்க வேண்டும், வெள்ளை நூல் வாங்கவில்லை. பழுகாமத்தில் காது கேளாத ஒருவரிடம், சபைக்கும் கேட்கும்படி, இரண்டு வசனம் சொல்ல வேண்டும். அக்கா, உங்கட கை சரி. என்ட கண்தான் பிழை.